தா, டக்

என் ஆங்கிலம் இரண்டு இடங்களில் கிடைத்தது. முதல் பாதி செரம்பானில், கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில், ஆறு வருடம். இரண்டாம் பாதி லாபுவுக்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், அண்ணியின் தேத்தண்ணிக் கடையில், பதினோரு வாரம். முதல் பாதிக்குக் கிடைத்த சான்றிதழ்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. இரண்டாம் பாதியின் நோட்டுப் புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. நீல அட்டை, எண்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டம் போட்டிருக்கிறேன்: கேட்ட சொல், சொன்னவர், எந்தச் சமயத்தில் சொன்னார், என்ன அர்த்தம். நான்காவது கட்டத்தை மட்டும் பென்சிலில் எழுதுவேன். அர்த்தம் உறுதியான பிறகுதான் மை.

ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் அவசரப்பட்டு முதல் நாளே மையில் எழுதினேன். அதனால் அண்ணியின் கடை மூடப்பட்டது. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அது மலாயாவின் அவசரகாலம். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்கு முள்கம்பி போட்டிருந்தார்கள். மாலையில் கேட்டை மூடினால் மறுநாள் விடிந்துதான் திறப்பார்கள். வெள்ளைக்கார அரசோடு சண்டை போட்டுக் காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாட்டுச் சாமான் போய்விடக் கூடாது என்பதே அன்றைய சட்டங்களில் பாதிக்குக் காரணம். ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்கள் கையில் சோறு கொண்டுபோகக் கூடாது. டின் பால் வாங்கினால் கடைக்காரரே இரண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டை போட்ட டின் தாங்காது, ஒளித்துவைத்து அனுப்ப முடியாது என்று கணக்கு. செரம்பான் பஸ்ஸில் போய்வருவது ஆபத்து என்று அண்ணன் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். அப்போது எனக்குப் பதினேழு வயது. மூன்று வாரம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

நான்காவது வாரம் வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து இறங்கியது. பழைய புகைக்கூடத்துப் பக்கம் கூடாரம் அடித்தார்கள். அதிகாரியையும் சமையல் கார்ப்பொரலையும் சேர்த்து இருபத்தெட்டுப் பேர். அவர்களுக்குத் தேத்தண்ணி போடும் வேலை அண்ணிக்கு வந்தது.

அண்ணி கடை போடும்வரை பத்து வருடம் மரம் வெட்டியவள். மேட்டு வரிசையில் வாளி தூக்கி இடது தோள் இறங்கிவிட்டது. கேட்டுக்கு உள்ளே, பத்தடி தள்ளி, அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கடை. அதற்குப் பெர்மிட் வாங்க இரண்டு வருடம் நடந்தாள். கிடைத்த காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். படத்தைத் துடைக்கிற துணியால் அதையும் துடைப்பாள்.

பட்டாளத்துக்காரர்கள் தேத்தண்ணிக்கு வந்த முதல் காலையிலேயே, சிவப்புத் தலைமுடிக்காரரான அந்தக் கார்ப்பொரல் கடைக்குள் எட்டிப் பார்த்து, "எனி சார்?" என்றார். யாரையோ ஐயா என்று அழைக்கிறார் என நினைத்து நான் எழுந்து நின்றேன். அண்ணி அடுப்பைவிட்டுத் திரும்பவே இல்லை.

"சாயா கேக்கறான் பாப்பா. ஒக்காரு."

அவள் சொன்னதுதான் சரி. தேத்தண்ணியை அவர்கள் சார் என்றுதான் சொன்னார்கள். ஆறு வருடம் நான் மனப்பாடம் செய்த மொழிக்கு இப்படி ஒரு பின்வாசல் இருக்கிறது என்று அந்தக் கணம்தான் தெரிந்தது. அன்று மாலையே நோட்டு வாங்கினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் திருவிழாதான். ஆள் என்றால் பிளோக். சிகரெட் என்றால் ஃபேக். சாப்பாடு என்றால் கிரப். ஒருவர் மற்றவருடைய கடிதத்தை எட்டிப் பார்த்து, ஒரு பார்வை பார்க்க விடு என்பதற்கு, ஒரு டெக்கோ விடு என்றார். ஸ்டோர் காவலுக்கு இருந்த பஞ்சாபி ஜாகா அதைக் கேட்டுவிட்டு, அது எங்கள் சொல்லாயிற்றே, இவனுக்கு யார் கொடுத்தது என்று என்னிடம் மலாயில் விசாரித்தார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். கொஞ்சம் பொறு என்பதற்கு அவர்கள் 'ஹாஃப் எ மோ' என்பார்கள். அதில் ஹாஃப் என்றால் அரை என்று சொன்னதும் அண்ணி கவலைப்பட்டாள்.

"அரை மோரா? தயிருக்கே வழியில்ல, இவனுக்கு மோரு எங்கேருந்துலா கொண்டாறது?"

காலை பத்து மணிக்குத் தவறாமல் தேத்தண்ணி குடிக்க வருகிறவர் பெரிய கிராணி. தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தா. துரை சொல்லச் சொல்ல ஒரு எழுத்துப் பிழையில்லாமல் கடிதம் எழுதக்கூடியவர். என் நோட்டை வாங்கி இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, இதையெல்லாம் ஆங்கிலம் என்று வெளியே சொல்லிக்கொள்ளாதே, சுரங்கக்காரர்களின் உளறல் என்றார். அவர்கள் உண்மையிலேயே இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நிலக்கரிச் சுரங்க ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான். அவர் திட்டியதையும் முதல் கட்டத்தில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். தமிழில் திட்டியதால் சேர்க்கவில்லை.

இரண்டாவது வாரம் ரோந்து போய்த் திரும்பியவர்கள் தகரக் குவளைகளோடு கடை முன்னால் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு ஒரு குவளை என்று ஏற்பாடு. அதற்குத் தேவையான டின் பாலையும் சீனியையும் வாரத்துக்கு ஒரு முறை போலீஸ் நிலையத்திலிருந்து அளந்து கொடுத்தார்கள். அண்ணி முதல் ஆளின் குவளையை நிரப்பினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்து, "தா, டக்" என்றான்.

அண்ணி கெண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"என்னா பாப்பா, தாங்கறான்? இப்பத்தானே குடுத்தேன்."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இவர்கள் எங்களிடம் வருவதற்கு முன்னால் நான்கு மாதம் சுவா பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தவர்கள். அங்கே முழுக்கத் தமிழ் ஆட்கள். எனவே கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

"தமிழ் பேசறான் அண்ணி. டக்குனு தான்னு சொல்றான்."

"தாங்கன்னு சொல்லக் கூடாதா?"

"யாருகிட்டக் கத்துக்கிட்டானோ."

"அதட்டி வேல வாங்கற மண்டோருகிட்டத்தான் கத்துருப்பான். வேற யாரு இப்பிடிப் பேசுவா?"

அவன் இரண்டு மடக்குக் குடிப்பதற்குள் அவள் மறுபடி நிரப்பினாள். அவன் கொஞ்சம் திகைத்து, மறுபடி "தா, டக்" என்றான். அவள் மறுபடி நிரப்பினாள். அடுத்தவனும் அப்படியே சொன்னான். அதற்கடுத்தவனும். எல்லாரும் தமிழ் படித்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. நான்காவது கட்டத்தில் மையைத் தொட்டு எழுதினேன்: தமிழ், சீக்கிரம் கொடு.

அன்றிலிருந்து அண்ணி மூன்று வாரம் ஊற்றினாள். அவர்கள் கேட்பதுபோலவும் இருந்தது, தயங்குவதுபோலவும் இருந்தது. ஒருவன் நான்காவது குவளையைச் செம்பருத்தி வேலிக்குப் பின்னால் கொண்டுபோய்க் காலியாகக் கொண்டுவந்ததை நான் பார்த்தேன். தனியாக இருந்து குடிக்க விரும்புகிறான் என்று எழுதிவைத்தேன். அண்ணியின் கணக்குப்படி அவர்களுக்கு இருப்பது வயிறு இல்லை, தண்ணீர் பிடிக்கிற தோம்பு. திங்கட்கிழமை வந்த டின்கள் வியாழக்கிழமை தீர்ந்தன. அடுத்த வாரம் புதன்கிழமையே தீர்ந்தன. பிறகு எங்கள் வீட்டுப் பங்கு டின்னையும் கடைக்கு எடுத்துவந்துவிட்டாள். அண்ணன் ரப்பர் லாரி ஓட்டிவிட்டு வந்து கறுப்புத் தேத்தண்ணியைக் குடித்து முகத்தைச் சுளித்தார். கடைசியில் அண்ணி நேர்மையாகச் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தாள். பால் போதவில்லை, கூடுதலாக வேண்டும் என்று போலீஸ் நிலையத்துக்குச் சொல்லியனுப்பினாள்.

பால் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்தார்.

அவர் மலாய்க்காரர். நாற்பது வயது இருக்கும். குரல் உயராது. காலி டின்களைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் இரண்டு ஓட்டை இருந்தது. எண்ணிக்கையும் சரி. டின் இருக்கிறது, அதில் இருந்த பால் எங்கே என்று மட்டும் கேட்டார். இருபத்தெட்டுப் பேர் ஆளுக்கு ஒரு குவளை குடித்தால் பாதிகூடச் செலவாகியிருக்காது. சைக்கிள் பம்புக்குள் அரிசி போனதை அவர் பிடித்திருக்கிறார். பாலைப் போத்தலில் ஊற்றிக் கம்பிக்கு வெளியே அனுப்புவது அதைவிட எளிது.

பட்டாளத்துக்காரர்களே கேட்டு வாங்கிக் குடித்தார்கள், ஆளுக்கு மூன்று, நான்கு என்று அண்ணி சொன்னாள். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அவர்களுக்கு ஒன்றுதான் என்று உத்தரவு இருக்கிறது, உத்தரவை மீறிக் கேட்கமாட்டார்கள் என்றார். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிப் பெர்மிட்டை உருவி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறுபடி வருவதாகவும், அதற்குள் பாலுக்கு ஒரு சரியான பதில் வேண்டும் என்றும் சொன்னார். பதில் இல்லையென்றால் பெர்மிட் ரத்து. பெயர் செரம்பான் போலீசுக்குப் போகும். அப்படிப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை.

அவர் போன பிறகு அண்ணி அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். வெட்டுக்குத் திரும்பிப் போவதானால் போய்க்கொள்ளலாம், அது புதிதில்லை என்றாள். அப்படிச் சொல்லும்போது வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று நண்பகல் பட்டாளம் மொத்தமும் காட்டுக்குள் கிளம்பியது. சனிக்கிழமைதான் திரும்புவார்கள். அதிகாரி முன் லாரியில் போய்விட்டார். கூடாரத்தைப் பார்த்துக்கொள்ள நான்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் மட்டும் இருந்தார்கள். கடைசி லாரியில் ஏறிய கார்ப்பொரலின் மூட்டையிலிருந்து குவளை நழுவி என் காலடியில் விழுந்தது. எடுத்துத் துடைத்து மேலே நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "தா, டக்" என்றார்.

குவளை அவர் கையில் இருந்தது. என் கையில் எதுவும் இல்லை. சுற்றிலும் அடுப்பு இல்லை, கெண்டி இல்லை, கொடுப்பதற்கு ஒரு பொருளும் இல்லை. இவர் எதையும் கேட்கவில்லை.

 லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு, என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், தாங்கள் நான் எதைத் தர வேண்டுமென விரும்புகிறீர்கள் என்று கேட்டேன். அவர் விழித்தார். ஒன்றும் வேண்டாம், தா என்றால் நன்றி, அவ்வளவுதான் என்றார். லாரி கிளம்பியது. பலகையை விட்டுவிட்டுக் கூடவே ஓடினேன். அப்படியானால் டக் என்று கத்தினேன். அது நீதான், நீ ஒரு டக் என்று அவரும் கத்தினார். அதற்குள் லாரி ரப்பர் மரங்களுக்குள் திரும்பிவிட்டது.

பள்ளியில் டக் என்றால் வாத்து என்று படித்திருக்கிறேன். அது புரியவில்லை. ஆனால் தா புரிந்துவிட்டது. லயம் வரைக்கும் நிற்காமல் ஓடினேன். வழியில் செருப்பு ஒன்று கழன்றது, அதை மாலையில்தான் போய் எடுத்தேன்.

 சொன்னதும் அண்ணி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் என்னை நேராகப் பார்த்தாள்.

"தமிழுன்னு நீதானே சொன்னே?"

"ஆமா அண்ணி."

"இங்கயே பொறந்து வளந்த மூணு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தமிழ் சரியா வரல, நாலு மாசத்துல வெள்ளக்காரனுக்கு வந்துருச்சுன்னு நெனச்சியாலா நீ?"

 நோட்டை எடுத்துவந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். தா என்ற சொல் நாற்பத்தொரு இடத்தில் இருந்தது. தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு தா. கேட்டைத் திறந்துவிட்ட கான்ஸ்டபிளிடம் தா. மழையில் உள்ளே வந்து நிற்க இடம் கொடுத்ததற்குத் தா. ஒவ்வொரு இடத்திலும் எதையோ பெற்றுக்கொண்ட பிறகே சொல்லியிருந்தார்கள். மூன்றாவது கட்டத்தில் என் கையெழுத்திலேயே அது எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. ஒவ்வொன்றையும் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். இருபதாவதைத் தாண்டியதும் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பத்து வருசம் பால் வெட்டினேன் பாப்பா. எடுத்துட்டுப் போயி நிறுத்துக் கொட்டுவேன். ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னதில்ல. இவனுங்க மூணு வாரமா மாத்தி மாத்தி நன்றி சொல்லியிருக்கானுங்க. அது புரியாம ஊத்திக்கிட்டே இருந்திருக்கேன்."

புதன்கிழமை காலை பெரிய கிராணியைப் பார்க்க ஆபீசுக்குப் போனேன். துரை லீவில் சீமைக்குப் போயிருந்தார். பக்கத்துத் தோட்டத்துத் துரை வாரத்துக்கு ஒரு முறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஆகவே சனிக்கிழமை விசாரணைக்கு ஆங்கிலம் தெரிந்தவராக இன்ஸ்பெக்டர் கூப்பிட்டிருந்தது பெரிய கிராணியைத்தான். அவர் சாட்சி சொன்னால் போதும், முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அவர் அலமாரியிலிருந்து அகராதியை இறக்கி, விரலை ஈரம் பண்ணி, உரிய பக்கத்தைப் பிரித்தார். மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அந்தச் சொல் இல்லை. டக் என்பதையும் பார்த்தார். பறவை, குனிந்து கொள்ளுதல், ஒருவகைக் கெட்டித் துணி. அண்ணியை யாரும் கெட்டித் துணி என்று கூப்பிட்டிருக்க முடியாது என்றார்.

"நான் ஒங்களுக்கு எதிரி இல்ல தங்கச்சி. ஆனா பொஸ்தகத்துல இல்லாத சொல்லுக்கு நான் எப்பிடிச் சாட்சி சொல்றது?"

"அவங்க வாயில இருக்கு சார்."

"வாய கோர்ட்டுல காட்ட முடியாது."

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கடை மூடியிருந்தது. நான் நாற்பத்தொரு இடங்களையும் சுத்தமாகப் பிரதி எடுத்தேன். பயமும் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், பயத்தைவிடக் குதூகலமே அதிகம். ஒரு சொல்லின் உள்ளே போய்க் கதவைத் திறந்துவிட்டேன் என்ற நினைப்பு என்னை உட்கார விடவில்லை. அண்ணி நான் வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடப்பதைப் பார்த்துவிட்டு, கால் வலிக்கப் போகிறது, உட்காரு என்று அதட்டினாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பெரிய கிராணி அவருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் மலாயில் ஆரம்பித்து, தடுமாறிய இடங்களில் ஆங்கிலத்துக்கு மாறி, எல்லாவற்றையும் சொன்னேன். பிரதியைக் கொடுத்தேன். முழுவதையும் படித்தார். பிறகு, நானும் வெள்ளைக்காரர்களோடுதான் வேலை செய்கிறேன், பன்னிரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை என்றார். பெரிய கிராணி அகராதியில் இல்லை என்பதை மட்டும் சொன்னார். அதற்கு மேலும் சொல்லவில்லை, கீழும் சொல்லவில்லை.

மதியத்துக்குள் பட்டாளம் வந்துவிடும், அவர்களையே கேளுங்கள் என்று கெஞ்சினேன். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். தேத்தண்ணி கொடுத்தவளைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அவர்கள் எதற்கும் ஆம் சொல்வார்கள், கேட்டுப் பயனில்லை, பார்க்க வேண்டும் என்றார். தம் ஜீப்பிலிருந்து ஒரு டின் பாலை எடுத்துவரச் சொல்லி, தம் கையாலேயே இரண்டு ஓட்டை போட்டார். வழக்கம்போல ஊற்று, அந்தச் சொல்லைக் கேட்டால் மறுபடி ஊற்று, கேட்காவிட்டால் ஊற்றாதே, நீயாக ஒரு சைகையும் காட்டக் கூடாது என்று அண்ணியிடம் சொன்னார். பிறகு அவரும் பெரிய கிராணியும் விறகு அடுக்கியிருந்த பலகைத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார்கள். என்னையும் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

பதினொன்றேகாலுக்கு லாரிகள் வந்தன. நான்கு நாள் சேறும் தாடியுமாக இறங்கினார்கள். கடை திறந்திருப்பதைப் பார்த்ததும் குவளையைத் தட்டிக்கொண்டு வரிசை கட்டினார்கள்.

முதலில் வந்தவர் அதிகாரி. மற்றவர்களைவிடச் சின்ன வயது. அண்ணி ஊற்றினாள். அவர், "தேங்க் யூ ஸோ மச்" என்றார். கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த அதே உச்சரிப்பு. அண்ணி கெண்டியை இறக்கினாள். பெரிய கிராணி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏளனமாக இல்லை, வருத்தமாகவே பார்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

இரண்டாவது ஆள் வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். மூன்றாவது ஆள், "சியர்ஸ்" என்றான். அது என் நோட்டில் முப்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது, அதனால் அந்த நேரத்தில் ஒரு உபயோகமும் இல்லை. நான்காவது ஆள் முகர்ந்து பார்த்து, "லவ்லி" என்றான்.  நான் பலகையைப் பிடித்திருந்த இடத்தில் விரலில் சிராய் ஏறியது பிறகுதான் தெரிந்தது.

ஐந்தாவது ஆள் கார்ப்பொரல்.

"தா, டக்" என்றார்.

அவர் வாயை மூடுவதற்குள் அண்ணி ஊற்றினாள். "தா" என்றார். ஊற்றினாள். அவருக்குப் பின்னால் நின்றவன் தன் குவளையை நீட்டி வாங்கி "தா, டக்" என்றான். அதற்குப் பிறகு மழை பிடித்ததுபோல. தா, டக். தா, டக். குரல் மாறியது, சொல் மாறவில்லை. என் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். கை விரல்கள் இரண்டு சுற்று முடிந்தன. வரிசையின் கடைசியில் ஒருவன், நான்காவது குவளையைப் பார்த்தபடி, இந்த ஊரில் நான் குண்டடி பட்டுச் சாகமாட்டேன், மூழ்கித்தான் சாவேன் என்று நண்பனிடம் முணுமுணுத்தான். இன்ஸ்பெக்டர் தடுப்பைவிட்டு வெளியே வந்தார்.

அதிகாரியைத் தனியே அழைத்துக் கேட்டார். அதிகாரியின் காது சிவந்தது. ஆமாம், அது நன்றி, தம் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். டக் என்பது அவர்கள் ஊர்ப் பக்கம் எல்லாரையும் பிரியமாகக் கூப்பிடுகிற சொல், பஸ் ஓட்டுகிற ஆணைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்களாம். வேண்டாம் என்றால் ஏன் குடித்தாய் என்று இன்ஸ்பெக்டர் கார்ப்பொரலைக் கேட்டார். இந்தியர்கள் வீட்டில் கொடுப்பதை மறுத்தால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள் என்று கப்பலில் வரும்போது யாரோ சொன்னார்களாம். அந்த அம்மா மனம் நோகக் கூடாது என்று மூன்று வாரமாக எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு குடித்திருக்கிறார்கள்.

இதை அண்ணிக்கு நான் தமிழில் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கார்ப்பொரலைப் பார்த்தாள். பெரிய கிராணி என் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"இங்கிலீசுல அது எத்தன எழுத்து தங்கச்சி?"

"ரெண்டு சார்."

"ரெண்டே எழுத்தா," என்றார். ஏமாந்துபோனவர் மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நிபந்தனை எழுதினார். ஆளுக்கு ஒரு குவளை, யார் என்ன சொன்னாலும் ஒன்று. அதை நான் அண்ணிக்கு விளக்கினேன். அவள் சரி என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து பெர்மிட்டை எடுத்து, பிரித்து, அவளிடம் நீட்டினார்.

அண்ணி பெருமையோடு நிமிர்ந்து நின்றாள். இருபத்தெட்டு வெள்ளைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இப்போது ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியும்.

"தா," என்றாள்.

மலாயில் அதே ஓசையைக் கொஞ்சம் வெட்டிச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். பாசார் சந்தையில் நாள்தோறும் பேரம் பேசுகிற அண்ணிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் நினைவில்லை.

இன்ஸ்பெக்டரின் கை பாதி வழியில் நின்றது.

"தா மாவ்?" வேண்டாமா என்று கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காகிதத்தை மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

"மாவ், மாவ், துவான்," வேண்டும் ஐயா என்று அண்ணி பெஞ்சைத் தாண்டிப் போய் அதைப் பிடித்து இழுத்தாள். பெர்மிட்டின் ஓரம் கிழிந்தது. கிழிந்த துண்டு அவர் விரலில் இருந்தது. அவள் கையை நீட்டி அதையும் வாங்கிக்கொண்டாள்.